ஐசக் சாரின் குல்லாக் கோட்டு

குன்னூர் பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி கிளம்பி, முதல் வளைவு திரும்பினபோதுதான் சென்னியப்பன் பார்த்தான், மூணு சீட்டுக்கு முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது எமிலி டீச்சர். அடக் கடவுளே. வண்டி வளைந்ததில் எல்லாத் தலையும் ஒரு பக்கம் சாய, அந்த நரைத்த கொண்டையும் சாம்பல் நிற சால்வையும் சாய்ந்து நிமிர்ந்தன, அவன் சட்டென்று சீட்டில் சரிந்து உட்கார்ந்தான். ஏனென்றால் அவன் மேல் இருக்கிற கோட்டு டீச்சர் வீட்டுக் கோட்டு. டீச்சரின் வீட்டுக்காரர், செத்துப்போன ஐசக் சாரின் கோட்டு. முப்பத்தொரு வருசமாக ட்ரை வாஷ் கடையில் தேய்ப்புப் பெட்டி பிடிக்கிறான், கஸ்டமர் துணியில் ஒரு கைக்குட்டையைக்கூட இடுப்பில் செருகியதில்லை, முதல் முதலாக இன்றைக்குத்தான் ஒன்றை எடுத்து மாட்டினான், மாட்டின அன்றைக்கே, ஊரில் ஓடுகிற இத்தனை பஸ்ஸில் இந்த பஸ்ஸிலேயே, கோட்டுக்குச் சொந்தக்காரி வந்து உட்காரணுமா? கழட்டிவிடு என்றது மனசு. கழட்டினால் மடியில் போட வேண்டும், மடியில் போட்டால் உள்துணியின் பச்சைக் கட்டம் வெளியே தெரியும், உள் பாக்கெட்டில் மஞ்சள் நூலால் தைத்த தையல் தெரியும், அது டீச்சர் கைத் தையல், தன் கைத் தையலைத் தெரியாதா ஒரு பொம்பளைக்கு. காலருக்குள் வேறு கடைச்சீட்டு இன்னும் ஊக்கில் குத்தியிருக்கிறது, அதைக்கூட எடுக்கவில்லை மடையன். மேலே இருக்கிற வரைக்கும் அது ஏதோ ஒரு ஆள் போட்டிருக்கிற ஏதோ ஒரு கோட்டு. கழட்டினால்தான் அது ஐசக் சாருடையது. கழட்டாதே, கம்முனு உட்கார், மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். தேயிலைக்கு மேல் பனி இன்னும் போகவில்லை.

திருடவில்லை, அதை முதலில் ஒழுங்காக நினைத்துக்கொள்ள வேண்டும், யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே. காலையில் கடையைத் திறந்தது முதலாளிக்கு லீவு சொல்லிவிட்டுச் சாவியை வைக்கத்தான். ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. பதினாலு மாசமாகத் தொங்குகிறது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பிரஷ் போட்டு, பூச்சி உருண்டை மாற்றி, தோள் சப்பையாகாமல் இருக்கப் பழைய பனியனைச் சுருட்டி உள்ளே வைத்து, யார் சொன்னது இதெல்லாம் செய்யச் சொல்லி, ஒருத்தரும் சொல்லவில்லை. கைதான் அதன் பக்கம் போகும். கையில் அப்படி ஒரு துணி சிக்குவது அபூர்வம். இப்போது வருகிற ஸ்வெட்டரெல்லாம் துணியா, ஒரு தண்ணி பார்த்தால் கரித்துணி கணக்காகிவிடும். இது கெட்டிக் கம்பளி, ஒட்டக நிறம், விரலால் அமுக்கினால் உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வரும். பின்னால் குல்லா. முன்னால் பொத்தானுக்குப் பதில் நாலு கொம்புத் துண்டு, மாட்டுக் கொம்பு, அதைக் கயிற்று வளையத்தில் நுழைத்து இழுத்தால் நெஞ்சுக்கு மேல் ஒரு கதவைச் சாத்தின மாதிரி இருக்கும். விரல் விறைத்துப்போன கப்பல்காரனும் கையுறையோடு போட்டுக் கழட்டத்தான் சென்னியப்பா இவ்வளவு பெரிய கொம்பு என்று ஐசக் சார் கவுண்டரில் நின்று சொன்னார். கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். லிவர்பூலில் வாங்கினாராம், அம்பது வருசத்துக்கு முன்னால், அதுவும் புதுசு இல்லை. "நான் வாங்கும்போதே இது யாரோ போட்டுப் பழகினதுப்பா. அந்த வெள்ளைக்காரன் யாரோ எவனோ. பாக்கெட்ல ஒரு டிராம் டிக்கெட் கிடந்துது" என்று சிரித்தார். ஆமாம், அதைச் சொல்லலாம். டீச்சர், இது சாருக்கே சொந்தமில்லீங்க, அவருக்கு முந்தியே ஒருத்தன் போட்டதுங்க. சொல்லிப்பார், செருப்பு வரும். கோட்டைக் கொடுத்துவிட்டுப் போன எட்டாம் நாள் சார் போய்விட்டார். செய்தி வந்ததும் முதலாளி துவைக்கிற குவியலிலிருந்து கோட்டை உருவி ஆணியில் மாட்டினார். போனவங்க துணியை இருக்கிறவங்க துணியோடு மெஷினில் போடுவது அந்தக் கடையில் வழக்கமில்லை, வீட்டுக்காரர்கள் வந்து சொன்னால் தனியாகத் துவைத்துக் கொடுப்பார்கள். டீச்சர் வரவேயில்லை. வராதது மட்டுமில்லை, கடை வந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் ஏறிப் போய்விடுவார். அவனே நாலைந்து தடவை பார்த்திருக்கிறான், தேய்ப்புப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி. சரி, வேண்டாம் போலிருக்கிறது, மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தான். வேண்டாத துணிதானே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதுவும் காட்டேரி வரைக்கும் குளிருக்கு, பர்லியார் வந்ததும் கழட்டி மடித்துவிடலாம் என்று. இப்போது காட்டேரி தாண்டியாகிவிட்டது.

பொய். காட்டேரி வரைக்குமாம், குளிருக்காம். யாரிடம் சொல்கிறாய் சென்னியப்பா. நஞ்சப்பன் கண்ணில் படணும், அதற்குத்தான் மாட்டினாய். தங்கச்சி புருசன் நஞ்சப்பன். மேட்டுப்பாளையத்தில் மளிகைக்கடை, விரலில் மோதிரம், வாயில் எப்போதும் ஒரு நக்கல். ஏழு வருசத்துக்கு முன்னால் தங்கச்சி ருக்குமணி கல்யாணத்தன்றைக்கு, சந்தன நிறத்தில் ஒரு புதுச் சட்டை, துணி எடுத்து அளவு கொடுத்துத் தைத்தது, காலருக்குக் கஞ்சி போட்டு அவனே தேய்த்தது, அதைப் போட்டுக்கொண்டு பந்தியில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை சாம்பார் வாளியைப் பார்க்காமல் காலரைப் பார்த்தான். "ஏனுங் மச்சா, சட்டை ஜோரா இருக்குது. இது யாரு வூட்டுச் சட்டைங்?" இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருத்தர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். என்னோடது மாப்ளே என்று ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. அது வந்திருந்தால் அதோடு போயிருக்கும். வரவில்லை. வாளியை வைத்துவிட்டு மண்டபத்தின் பின்வழியாக இறங்கி பஸ் ஏறியவன்தான், அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. ருக்குமணிக்குப் பெண் பிறந்த செய்தி வந்தது, போகவில்லை. பேர் வைத்தார்கள், போகவில்லை. போன வாரம் போன். "அண்ணா, பாப்பாவுக்கு அஞ்சு முடியப்போகுது, இன்னும் காது குத்துலீங்ணா. அவிங்க சித்தப்பன் மகன் ஒருத்தன் இருக்கறான், அவன் மடில வெச்சுக் குத்திரலாம்ங்கறாங்க. நான் மாட்டேன்னுட்டேன். தாய்மாமன் உசுரோட இருக்கறப்ப எம் புள்ளைய எவன் மடிலயும் உக்கார வெக்க மாட்டேன்னு அஞ்சு வருசமா சண்டை போட்டுட்டேன். இனி முடியாதுங்ணா. வியாழக்கிழமை பதினொண்ணரைக்குள்ள நல்ல நேரம். நீ வல்லீன்னா அந்தப் பையன்தான்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பான். அஞ்சு வருசம் ஒரு குழந்தையின் காது அவனுக்காக மூளியாகக் காத்திருந்திருக்கிறது, இவன் இங்கே ஒரு சட்டையை நினைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தான். பையில் பாவாடை இருக்கிறது, வளையல் இருக்கிறது, ஒரு சீப்பு ரஸ்தாளி இருக்கிறது, காதுக்கு அரை கிராமில் பொட்டுத் தோடு இருக்கிறது. பை நிறைந்துவிட்டது, கோட்டுக்கு அதில் இடமில்லை.

வண்டி இறங்க இறங்கப் பனி மேலே போய்விட்டது. எத்தனையாவது வளைவு இது, ஆறா, ஏழா. ஜன்னலில் வருகிற காற்றில் குளிர் இல்லை. முதுகுத் தண்டில் ஒரு சொட்டு கிளம்பி மெதுவாக இறங்குவது தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர், கேரட் மூட்டை வியாபாரி, ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவி மடித்து வைத்துக்கொண்டு இவனை ஒரு பார்வை பார்த்தார். "ஏனுங், காய்ச்சலுங்களா?" "ஆமாங்" என்றான். அதுவும் ஒரு பொய். ஒரு கோட்டுக்கு எத்தனை பொய். மேலிருந்து இரண்டாவது கொம்பை மட்டும் வளையத்திலிருந்து விடுவித்தான், மூச்சு வந்தது, உள்ளே சந்தன நிறம் எட்டிப் பார்த்தது, உடனே மறுபடியும் மாட்டினான். ஆமாம், அதே சட்டைதான். உள்ளே அதே சட்டை. ஏழு வருசம் பெட்டியில் இருந்தது. நேற்று எடுத்துத் தேய்த்தபோது இதைத்தான் போட்டுக்கொண்டு போகணும், கேட்கட்டும், இன்றைக்குக் கேட்கட்டும் என்று ஒரு வீறாப்பு. காலையில் கண்ணாடியில் பார்த்ததும் வீறாப்பு போய்விட்டது. நஞ்சப்பன் மறுபடியும் கேட்டால்? மறுபடியும் வார்த்தை வராவிட்டால்? கோட்டு இருந்தால் கேட்க மாட்டான். கோட்டைப் போட்டுப் பார்த்தான், கடையில் ஆளுயரக் கண்ணாடி முன்னால், அதில் நின்றது தேய்க்கிற சென்னியப்பன் இல்லை. தோள் நிமிர்ந்து, மரியாதையாக, கப்பலில் நாலு சமுத்திரம் பார்த்த ஒரு ஆள். இந்த ஆளைப் பார்த்து யாரு வீட்டுது என்று எவன் கேட்பான். கேட்டாலும், லண்டன்லருந்து வந்ததுங்க மாப்ளே என்று சொல்லிக்கொள்ளலாம். கூத்தைப் பாருங்கள், சொந்தச் சட்டை போட்ட அன்றைக்கு இரவல் சட்டை என்றார்கள், அந்தப் பேரைத் துடைக்க இன்றைக்கு நிஜமாகவே இரவல் வாங்கிக்கொண்டு போகிறான், அதுவும் கேட்காமல் வாங்கின இரவல். மேட்டுப்பாளையம் வெயிலில், கோயில் வாசலில், கம்பளிக் கோட்டு. மலையிலேயே இருந்து இருந்து கீழே வெயில் என்று ஒன்று அடிக்கும் என்பதையே மறந்துவிட்டான். நஞ்சப்பன் இதற்குச் சிரிக்க மாட்டானாமா? முன் சீட்டில் டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்து மூடினார். திரும்பவில்லை. கண்ணில் புரை என்று யாரோ சொன்னார்கள், கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாரோ என்னவோ. புரை இருந்தால் தெரியாது. சாமி, தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டான், வேண்டிக்கொண்டது ஒரு வயசான பொம்பளையின் கண் தெரியக் கூடாது என்று. சீ.

பர்லியாரில் டிரைவர் பத்து நிமிசம் என்றார். ஆட்கள் டீக்கு இறங்கினார்கள். குரங்கு ஒன்று ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து ரஸ்தாளியின் வாசனையைக் கண்டுபிடித்துவிட்டது. அதைத் துரத்துகிற சாக்கில் மூஞ்சியை மறைத்துக்கொண்டான். டீச்சர் எழுந்து, சீட்டுக் கம்பியை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பின் படிக்கட்டைப் பார்க்க வந்தார். முன் படிக்கட்டு பக்கத்தில்தானே இருக்கிறது, ஏன் இந்தப் பக்கம். வண்டிக்குள் யாரோ மூட்டையை நகர்த்த, டீச்சர் தடுமாறி, கை வந்து அவன் தோளில் விழுந்தது. கோட்டின் தோளில். பிடித்துக்கொண்டது. விட வேண்டிய நேரம் வந்தது, கை விடவில்லை. அந்தக் கை கம்பளியின் மேல் ஒரு தரம், துணி பார்க்கிறவர்கள் தடவுகிற மாதிரி இல்லை, உறங்குகிற ஆளை எழுப்பாமல் தொடுகிற மாதிரி, போய்த் திரும்பி வந்தது. "சாரிப்பா" என்றார், அவன் பக்கம் பார்க்காமல். இறங்கினார். டீ குடிக்கவில்லை. ஒரு மரத்தடியில் வெறுமனே நின்றுவிட்டு, முன் படிக்கட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? தெரிந்தால் கத்தியிருக்க மாட்டாரா? டீச்சருங்க கத்த மாட்டார்கள், நேரே ஹெட்மாஸ்டரிடம் போவார்கள். நாளைக்குக் கடைக்கு வருவார், முதலாளி முன்னால் நின்று உங்க ஆள் என் வீட்டுக்காரர் கோட்டைப் போட்டுக்கிட்டு ஊர் சுத்தறான் என்பார். முப்பத்தொரு வருசம். அந்தப் பேர் குன்னூருக்கு வந்தால் மேட்டுப்பாளையத்துக்குப் போக எத்தனை நாள் ஆகும். பாத்தியா, அன்னைக்கே நான் சொல்லுலியா என்பான் நஞ்சப்பன். இங்கேயே இறங்கிவிடலாமா, அடுத்த பஸ் பிடித்து மேலேயே போய் ஆணியில் மாட்டிவிடலாமா. மணி ஒன்பதே முக்கால். போனால் அந்தச் சித்தப்பன் மகன் மடியில்தான் பாப்பா உட்காரும். டிரைவர் ஹாரன் அடித்தார். அவன் எழுந்திருக்கவில்லை, பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

கல்லாறு. பாக்குத்தோப்பு. காற்று கொதித்தது. அவன் உடம்பு மொத்தமும் ஊற்றிக்கொண்டிருந்தது, நெற்றியிலிருந்து கண்ணுக்குள் இறங்கி எரிந்தது, அக்குளிலிருந்து விலாவுக்கு, காலருக்குள் கழுத்து வழவழத்தது. கம்பளி அதையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தது. கம்பளியின் குணம் அது, எதையும் வெளியே காட்டாது, உள்ளுக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். இந்தக் கோட்டைத் தூக்கி மூக்கில் வைத்தால் பதினாலு மாசமும் ஒரு வாசனை வரும், பைப் புகையிலையும், முகச்சவரச் சோப்பும், லேசாக எஞ்சின் ஆயில் மாதிரி ஒன்றும், துவைக்காததால் போகாமல் தங்கினது. முதல் கொஞ்ச நாள் அது அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது, பிறகு பழகிவிட்டது, பிறகு சனிக்கிழமை பிரஷ் போடும்போது அந்த வாசனை வந்தால் யாரோ ஒரு நல்ல மனுசன் பக்கத்தில் நிற்கிறார் என்று இருக்கும். இப்போது முகர்ந்தான், குனிந்து, காய்ச்சல்காரன் முனகுகிற மாதிரி. ஒன்றும் வரவில்லை. புளித்த வேர்வை. தன்னுடையது. மறுபடியும் முகர்ந்தான். தன்னுடையதேதான்.

பஸ் ஸ்டாண்டில் எல்லாரையும் இறங்கவிட்டுக் கடைசியாக இறங்கினான். டீச்சர் படிக்கட்டுக்குக் கீழேயே நின்றார். வெயிலில் கண் கூசியது.

"சென்னியப்பன்தானே?"

"ஆமாங்க டீச்சர்." கை தானாகக் கொம்புகளைக் கழட்டியது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. உருவி, மடித்து, இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினான். "தப்புப் பண்ணிட்டனுங்க. திருடோணும்னு எடுக்கலைங்க. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்துங்க இன்னிக்கு, ஒரு மரியாதைக்குன்னு... நீங்க முதலாளிகிட்டச் சொன்னாலும் சரிங்க."

டீச்சர் அதைக் கேட்ட மாதிரியே இல்லை. "துவைச்சாச்சா?" என்றார். அவசரமாக. பயந்துகொண்டு கேட்கிற மாதிரி.

"இல்லீங்க. துவைக்கலீங்க. நீங்க வந்து சொல்லுலீங்களே, அப்படியே வெச்சிருக்குதுங்க."

"துவைச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். அதான் வரலை. கடை இருக்கிற பக்கமே வரலை" என்றார். கோட்டை வாங்கிக் குல்லாவை விரித்து, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், அதற்குள் முகத்தைப் புதைத்தார். அப்போதுதான் சென்னியப்பனுக்குத் தெரிந்தது, தான் எடுத்தது எது என்று. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். ஒரு வாரம் முன்னால், ஒரு நாள் முன்னால், இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு வந்திருந்தால்கூட அந்த வாசனை அங்கே இருந்தது, ஆணியில், பத்திரமாக, அவன்தான் காவல் இருந்தான். அவனேதான் ஒன்றரை மணி நேரத்தில் அழித்தான். டீச்சர் முகத்தை எடுக்க நேரமாயிற்று. எடுத்தபோது கண் ஈரமாக இருந்தது, கோபம் இல்லை.

"உன் வேர்வைதான் வருது" என்றார்.

அவனுக்கு அழுகை வந்தது. ஐம்பத்திரண்டு வயசில், பஸ் ஸ்டாண்டில், காலடியில் வாழைப்பழப் பையோடு.

"போட்டுக்கோ" என்றார்.

"டீச்சர்..."

"போட்டுக்கோப்பா. குல்லாவையும் தூக்கிவிடு. அந்த முக்கு வரைக்கும் எனக்கு முன்னாடி நட. கொஞ்சம் மெதுவா. அவர் மெதுவாத்தான் நடப்பார். திரும்பிப் பார்க்காதே."

போட்டுக்கொண்டான். ஈரக் கம்பளி முதுகில் ஒட்டியது. நடந்தான். பழக்கடை, செல்போன் கடை, ஆட்டோக்காரர்கள், எல்லாரும் பார்த்தார்கள், வேகாத வெயிலில் குல்லாவும் கம்பளியுமாகப் போகிற பைத்தியத்தைப் பார்த்து ஒருத்தன் விசிலடித்தான். சிரிக்கட்டும். இடது காலை லேசாக இழுத்து நடப்பார் சார், கவுண்டரிலிருந்து படியிறங்கும்போது பார்த்திருக்கிறான், கப்பலில் பட்ட அடி. இழுத்துப் பார்த்தான். பின்னால் செருப்புச் சத்தம் ஒரு கணம் நின்றுவிட்டது. தப்பாகச் செய்துவிட்டோமோ என்று திரும்பப் போனவன் திரும்பாமல் நடந்தான், மறுபடியும் இழுத்து. செருப்புச் சத்தம் வேகமாக வந்து, பிறகு அவனுடைய நடைக்குச் சேர்ந்து நடந்தது. முக்கு வந்தது. "போதும்" என்று குரல் கேட்டது. நின்றான். தோளிலிருந்து கோட்டு கழன்று போவது தெரிந்தது, அவராகவே பின்னாலிருந்து வாங்கிக்கொண்டார், சார் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான் வாங்குவார் போலிருக்கிறது. வெயிலும் காற்றும் ஒன்றாக நெஞ்சில் பட்டன. திரும்பினான்.

டீச்சர் கோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது சந்தன நிறம். காலர் மட்டும் நின்றது. புரை விழுந்த கண்ணை இடுக்கிக்கொண்டு, "சட்டை நல்லா இருக்கே" என்றார். "யாரோடது?"

கேட்டதில் ஒரு குத்தலும் இல்லை. கோட்டு அவர் வீட்டுடையதாக இருந்ததால் சட்டை இன்னொரு வீட்டுடையதோ, அவர்களும் தேடுவார்களோ என்ற கவலைதான்.

"என்னோடதுங்க டீச்சர்" என்றான்.

எவ்வளவு சுலபமாக வந்தது. மணி பத்தே முக்கால். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கோயில் தெருவைப் பார்க்க ஓட ஆரம்பித்தான். ஓடும்போதே ஒரு தரம் சொல்லிப் பார்த்தான், என்னோடது மாப்ளே, என்னோடது. வேர்வை நாத்தத்தோடு மாமன் மடியில் உட்கார அந்தப் பிள்ளை சம்மதிக்குமா என்பது ஒன்றுதான் இப்போது அவனுடைய கவலை.